வாழைமர நோட்டும் மாமன் கோடியும்

அண்ணாத்தே, இப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நீ இல்லை. அதனால் மற்றவர்களிடம் சொல்கிறேன்.

என் அண்ணன் மலேயாவில் ரப்பர் பால் வெட்டப் போனவன். ஜப்பான் சண்டை முடிந்து கப்பலேறி எங்கள் ஊர் மேனாம்பேட்டுக்கு வந்தபோது ஒரு தகரப்பெட்டி நிறைய நோட்டு கொண்டுவந்தான். வாழைமரப் படம் போட்ட நோட்டு. மலேயாவைப் பிடித்த ஜப்பான்காரன் அடித்தது.

"ஜப்பான்காரன் வந்து இங்கிலீஷ்காரனோட பாங்கிய மூடிட்டு கூலிக்கு இத்தத்தான் குடுத்தான். அந்த ஊரு பழைய வெள்ளிப் பணமும் இதுவும் ஒண்ணுன்னான். வாங்கமாட்டேன்னா ஒத" என்றான். "மொதல்ல நோட்டுல நம்பர் இருந்துச்சு. அப்பால அதுவும் இல்ல. செலவு வர்றப்பல்லாம் அடிச்சுக்கினே இருந்தான். கடசீல ஒரு முட்டைக்கு ஒரு கட்டு நோட்டு. சோத்தையே மறந்துட்டோம், மரவள்ளிக் கெயங்குதான்."

"அப்பறம் இன்னாத்துக்குடா தூக்கினு வந்தே?" என்றாள் அம்மா.

"சர்க்கார் அடிச்ச காசும்மா. மதராஸ்ல மாத்திக் குடுக்கிறாங்கோன்னு கப்பல்ல பேசிக்கினாங்கோ. பாதியாவது வரும்."

அடி வாங்கிச் சம்பாதித்தது ஒன்றுமே இல்லை என்று நினைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

பெட்டி வந்த சேதி கேட்டு மண்ணூர்பேட்டையிலிருந்து தாய்மாமன் ஓடிவந்தார். என் அக்கா கல்யாணத்துக்குப் பிறகு எட்டிப் பார்க்காதவர். அடுத்து வந்த அவர் மகள் கல்யாணத்தில் அண்ணன் அந்த நோட்டிலேயே மொய் போட்டான். அக்கா கல்யாணத்துக்கு மாமன் போட்ட மொய்யை நாங்கள் திருப்பவேண்டிய முறை அது. "மலேயா மாப்ளே, நூறு வெள்ளி" என்று மாமனே பந்தல் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அன்றைக்கு அண்ணனுக்குத்தான் முதல் பந்தி.

பிறகு மாமன் அந்த நோட்டைப் பட்டணத்துப் பாங்கிக்கு எடுத்துப்போனார். மலேயாவுக்குத் திரும்பி வந்த வெள்ளைக்காரன் அந்த நோட்டு செல்லாது என்று எப்போதோ சொல்லிவிட்டானாம். அடுப்பு பற்றவைக்கச் சொன்னார்களாம். மாமன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்தான்.

"இன்னா மாப்ளே, மொய்னு குப்பையப் போட்டுகீறே? நான் உங்க அக்காவுக்குப் போட்டது ராஜா தலை ரூவா. அத்தத் திருப்பு."

"ஒடம்பு தேஞ்சு சம்பாரிச்சது மாமா."

"யாருக்குத் தேஞ்சே? ஜப்பான்காரன் ஊட்டாண்ட போய் கேளு."

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனாலும் ஒன்று புரிகிறது. ஒருத்தன் காகிதம் அடித்து உழைப்பை வாங்கிக்கொண்டான். இன்னொருத்தன் அது காகிதம்தான் என்று ஒரே வார்த்தையில் கைகழுவினான். இங்கேயும் சண்டைச் செலவுக்கு நோட்டு அடித்து அடித்து, அரிசி விலை எங்கள் கைக்கு எட்டாமல் போனது. நோட்டு அடித்தவன் எவனும் சோறு இல்லாமல் படுக்கவில்லை, நாங்கள்தான் படுத்தோம். 

ஆடி மாதம் அண்ணன் செத்துப்போனான். எங்கள் வழக்கப்படி தாய்மாமன் புதுத்துணி கொண்டுவந்து பிணத்தின் மேல் போடவேண்டும். அதுதான் கோடி. அது வராமல் பாடையைத் தூக்கமாட்டார்கள். பொழுது சாயும்வரை காத்திருந்தோம். மாமன் வெற்றிலையை மென்றபடி வெறுங்கையோடு வந்தார்.

"கோடி எங்கடா?" என்றாள் அம்மா.

மாமன் இடுப்பிலிருந்து ஒரு வாழைமர நோட்டை எடுத்து அண்ணன் நெஞ்சில் போட்டார். "அவன் எனக்குப் போட்டது. அத்தையே அவனுக்குப் போட்டுட்டேன். கணக்கு தீந்துச்சு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாமன் எங்கள் வாசலிலேயே எச்சிலைத் துப்பினார். நான் அந்த நோட்டை எடுத்து அவர் மூஞ்சியில் வீசினேன். "பொட்டக் கழுதைக்குத் திமிரப் பாரு" என்று திட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு ஆள்கூட அவரைத் தடுக்கவில்லை. அம்மா தன் புடவையில் பாதியைக் கிழித்துப் போர்த்தினாள். அது கோடி ஆகாது என்று சொல்லிக்கொண்டேதான் பாடையைத் தூக்கினார்கள்.

மாமன் கோடி இல்லாமல் போனவன் மேலோகம் போகிற வழியிலேயே நின்றுவிடுவான் என்கிறார்கள். நெசமா பொய்யா தெரியாது. நான் கும்பிட்டால் மாமனின் வெற்றிலை வாய்தான் கண்ணுக்குள் வருகிறது, சாமி வருவதில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். கோயிலோ மாதா கோயிலோ, நீங்கள் எங்கே கும்பிட்டாலும் என் அண்ணனுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவன் எங்கேயும் நிற்காமல் போய்ச் சேரட்டும்.