பனிக்கு வாங்கிய பூட்ஸ்

அக்காவுக்கு விசா வந்த அன்று சின்னவள் சோற்றைப் பாதியில் மூடி வைத்துவிட்டு எழுந்தாள். இருவரும் ஒரே ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவர்கள். அந்த ஓட்டல் கடல் தாண்டி, பனி கொட்டுகிற நாட்டில், புதுக் கிளை திறக்கிறது. அங்கே போய் ஆட்களைப் பழக்கிவிட ஒருத்தி வேண்டும் என்றார்கள். அவர்கள் குடும்பத்தில் இதுவரை எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

படுக்கை விரிப்பைச் சுருக்கம் விழாமல் மடிப்பது சின்னவள்தான். எந்தக் கறை போகாவிட்டாலும் கடைசியில் அவள் கைக்குத்தான் வரும். அக்காவுக்கு வேலை சுமார், வாய் ஜோர். மேனேஜரின் நாய்க்குட்டி வரைக்கும் நலம் விசாரிப்பாள். மேனேஜர் வந்தால் சின்னவளோ இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவர் கண்ணில் யார் படுவார்கள்?

அக்கா தடித்த தோல் பூட்ஸ் ஒன்று வாங்கி வந்தாள். கல் மாதிரி இருந்தது.

“எனக்கு அலையறதுக்கே நேரம் சரியா இருக்குடி. நம்ம ரெண்டு பேர் காலும் ஒரே அளவுதானே. நீ கொஞ்ச நாள் போட்டு நடந்து இளக்கிக் குடேன்.”

போகிறது அவள், கொப்புளம் எனக்கா என்று சின்னவள் மனசுக்குள் கறுவினாள். ஆனாலும் மறுநாள் அதை மாட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள்.

இஸ்திரி போடுகிறவர் பார்த்துவிட்டார். “என்னம்மா, கெளம்பறது நீயா?”

“யாரு போனா என்ன,” என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாள் முழுக்க டக் டக்கென்று நடந்தாள். சலவை இயந்திரத்தின் கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. அதுவே வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டது. அக்காவின் பயணம் நின்றுபோகட்டும் என்று நினைத்தாள், நினைத்ததற்கு வெட்கப்பட்டாள், வெட்கம் தீர்ந்ததும் மறுபடியும் நினைத்தாள்.

அப்போதுதான் அந்தக் குறுக்குப் புத்தி வந்தது. அடுத்த நாளிலிருந்து தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டு, அதற்கு மேல் பூட்ஸைத் திணித்தாள். விரல் நசுங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். தோல் விரியட்டும். அக்காவுக்கு லொடலொடவென்று ஆகட்டும். போன இடத்தில் ஒரு தடவையாவது எல்லார் முன்னாலும் தடுக்கி விழட்டும். இது ஒன்றும் பெரிய பாவமில்லை என்று தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

கிளம்புகிற அன்று அக்கா பெட்டியை மூடிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸை இழுத்தாள். சின்னவள் கதவோரம் நின்று பார்த்தாள். அக்கா ஒரு ஜோடி சாக்ஸ் போட்டாள். அதற்கு மேலேயே இன்னொரு ஜோடியும் போட்டாள்.

“எதுக்கு ரெண்டு?”

“அந்தக் குளிருக்கு ரெண்டு போட்டாத்தான் தாங்குமாம், நேத்துதான் போன்ல சொன்னாங்க. கடையில ஒண்ணு போட்டு அளவு பாத்துட்டேனே, பத்தாதேன்னு பயந்துக்கிட்டிருந்தேன்.” காலை உள்ளே விட்டாள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. “அடியே, அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு. வேலைன்னா நீதான்டி. பேசாம நீயே போயிருக்கணும்.”

அக்கா விளையாட்டாகத்தான் சொன்னாள். சின்னவள் சிரிக்கவில்லை.

“ஆமாக்கா. நான்தான் போயிருக்கணும்.”

அக்காவின் கை நாடாவிலேயே நின்றது. தலை நிமிரவில்லை.

“தெரியும்,” என்றாள். அப்புறம் அடுத்த காலுக்கும் நாடாவை இறுக்கிக் கட்டினாள்.