ஒரே கன்டெய்னரில் இரண்டு சுவாஹிலி

கவுண்டர்ல உக்காந்து வேலை பார்க்கிற மக்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: பெட்டியை அடுக்கிடலாம், பெட்டிக்குச் சொந்தக்காரங்களைத்தான் அடுக்க முடியாது. லிட்டில் இந்தியாவுல சரக்கு அனுப்புற கடை எங்களது. ஆப்பிரிக்கா கவுண்டர் என் பொறுப்பு. அங்கிருந்து வர்ற வியாபாரிங்க முக்கால்வாசிப் பேர் சுவாஹிலி பேசுறவங்க. தான்சானியா, கென்யா, காங்கோன்னு பல நாட்டுல ஓடுற பாஷை. ஒரு பாஷையைக் கத்துக்கிட்டா அத்தனை பேரையும் சமாளிச்சிடலாம்னு நினைச்சேன் பாருங்க, அங்கதான் வந்துச்சு வினை.

செய்தி வாசிக்கிறவ

எனக்குச் சுவாஹிலி பழக்கிவிட்டது சுஹுரா அம்மா. தான்சானியாவுல டாங்கான்னு ஒரு கடலோர ஊர்ல கடை வச்சிருக்காங்க. சட்டி, துணி வாங்க இங்க வருவாங்க. வந்தா உடனே வேலை பேசிட முடியாது. வீடு எப்படி, பிள்ளைங்க எப்படி, ராத்திரி தூக்கம் எப்படின்னு எல்லாத்தையும் கேட்டு முடிக்கணும். நாமும் திருப்பிக் கேக்கணும். ஒரு டம்ளர் தண்ணிகூட அவங்க ஊர்ல ‘வேண்டிக்கிறேன்’னு சொல்லித்தான் கேப்பாங்களாம். நானும் அப்படியே பழகிட்டேன்.

அப்புறம் வந்தார் கமாவ். கென்யாவுல நைரோபிக்காரர், பழைய கார் சாமான் வியாபாரம், ஏறக்குறைய என் வயசு. என் சுவாஹிலியைக் காட்டிடலாம்னு, “தங்கள் பாஸ்போர்ட்டைத் தருமாறு பணிவோடு வேண்டிக்கிறேன்”னேன். மனுஷன் கவுண்டர்ல தலையைக் கவுத்துக்கிட்டுச் சிரிக்கிறார். எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவர் கேட்டது: “ஏன் சிஸ்டர், டிவியில செய்தி வாசிக்கிறீங்களா?”

சட்டிக்கு வந்த ரோஷம்

நோன்பு தொடங்கப் போற சமயம். சுஹுரா அம்மா பெருநாள் வியாபாரத்துக்குன்னு பிள்ளைங்க சட்டையும் பெரிய பெரிய சோத்துச் சட்டியும் வாங்கிக் குவிச்சிட்டாங்க. ஆனாலும் அரை கன்டெய்னர்தான் வந்துச்சு. கன்டெய்னர் நிறைஞ்சாத்தான் எங்க முதலாளி கப்பல் ஏத்துவார். மீதி இடத்துக்குக் கமாவோட கார் சாமான்தான் கிடைச்சுச்சு. வெள்ளிக்கிழமை கப்பல் கென்யாவோட மொம்பாசா துறைமுகம் போகும், அங்கிருந்து சட்டியும் துணியும் லாரியில எல்லை தாண்டி டாங்கா போயிடும். இதை விட்டா அடுத்த கப்பல் போய்ச் சேர்றதுக்குள்ள பெருநாளே முடிஞ்சிடும். நானும் நோன்பு வைக்கிறவதான். பெருநாள் முடிஞ்சு வர்ற சட்டையை எவ வாங்குவா, சொல்லுங்க? அந்த அம்மாவோட வருஷ வியாபாரமே அந்தப் பெட்டிக்குள்ளதான்.

எல்லாம் பேசி முடிச்ச மறுநாள் கமாவ் அரக்கப் பரக்க வந்தார். பக்கத்துல சுஹுரா அம்மா உக்காந்திருக்காங்க, அவங்களை மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கல. “பேப்பரைக் கொடு, லாரி நிக்குது”ன்னு என்கிட்ட வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டார். எனக்கு ஒண்ணும் தப்பாப் படல. ஆனா அந்த அம்மா முகம் கறுத்துப் போச்சு. அவங்க பக்கம் பெரியவங்களைப் பார்த்தா சின்னவங்க முதல்ல ‘ஷிகமூ’ சொல்லியாகணும். நம்ம ஊர்ல காலைத் தொட்டுக் கும்பிடுற மாதிரி. அதைச் சொல்லாம போனவன் அவங்க கணக்குல மனுஷனே இல்ல. எழுந்து முந்தானையை உதறினாங்க: “மரியாதை தெரியாதவன் சாமானோட என் சட்டி ஒரே பெட்டியில போகாது.”

முதலாளியோட கறிபஃப்

முதலாளி கறிபஃப் வாங்கி வச்சார், கெஞ்சினார். அந்த அம்மா அசையல. கறிபஃப்பை நாங்கதான் தின்னோம். கிராஞ்சி பக்கம் பழைய கார் சாமான் பார்த்துக்கிட்டிருந்த கமாவுக்கு நான் போன் போட்டேன். அவர் நிஜமாவே குழம்பிட்டார். “நான் திட்டவே இல்லையே! எங்க ஊர்ல வேலை நேரத்துல குசலம் விசாரிச்சா, இவனுக்கு ஏதோ காரியம் ஆகணும் போலன்னு நினைப்பாங்க”ங்கிறார். பாவம், அவர் மேலயும் தப்பு சொல்ல முடியல.

நான் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்தேன். பேக்கிங் பார்க்கிற செல்வம் டேப் ஒட்டிக்கிட்டே சொல்றான்: “அதுல என்னக்கா அதிசயம்? எங்க கோயமுத்தூர்ல ‘ங்க’ போடாம நாய்கூடக் குரைக்காது. மெட்ராஸ்காரன் வந்து பேசுனா நாங்களும் ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவோம்.”

வாயை விட்டு வந்த மராஹபா

இது ரோஷம் இல்ல, ஊர் வழக்கம்னு செல்வம் சொன்னதுலதான் எனக்கு வழி தெரிஞ்சுது. சுஹுரா அம்மா ஊர் வழக்கத்துல ஒரு பிடி இருக்கு. சின்னவங்க ‘ஷிகமூ’ சொல்லிட்டா, பெரியவங்க ‘மராஹபா’ன்னு பதில் சொல்லியே தீரணும். எவ்வளவு கோவம்னாலும் முழுங்க முடியாது. கமாவுக்கு விஷயத்தைச் சொல்லி வரச் சொன்னேன்.

வியாழக்கிழமை, துவாஸ்ல இருக்கிற எங்க கிடங்குல சரக்கு ஏத்துற நேரம். தன் சட்டியை வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போகச் சுஹுரா அம்மாவும் வந்து நிக்கிறாங்க. கமாவ் கிரீஸ் கையைத் துணியில துடைச்சுக்கிட்டு முன்னாடி வந்து, ஸ்கூல் பையன் மாதிரி தலையைக் குனிஞ்சு, “ஷிகமூ, அம்மா”ன்னார். அவங்க முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. யா அல்லாஹ், இந்த அம்மா பெருநாளைக் கெடுத்துடாதேன்னு வேண்டிக்கிட்டேன். அப்புறம் சுவரைப் பார்த்துக்கிட்டே, “மராஹபா”ன்னாங்க.

அது வந்துட்டா மத்தது நிக்குமா? வீடு எப்படி, பிள்ளைங்க எப்படி, அம்மா எப்படி. அவர் அம்மாவுக்கு முட்டி வலின்னதும் இவங்க வைத்தியம் சொல்ல, இவங்க ஊர் மழையைப் பத்தி அவர் கேக்க, போயிட்டே இருக்கு. கார் கதவுக்கும் சட்டிக்கும் நடுவுல துணி மூட்டையைச் செருகி நெளியாம பார்த்துக்கிட்டது கமாவ்தான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. செல்வம் மட்டும் வாட்சைப் பார்த்தான்: “இவங்க நலம் விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள கப்பல் போயிரும்க்கா.”

கப்பல் எங்களை விட்டுட்டுப் போகல. பெருநாளைக்கு முந்தியே சட்டையெல்லாம் வித்துப்போச்சுன்னு சுஹுரா அம்மா போன்ல குரல் பதிவு அனுப்பியிருந்தாங்க. அடுத்த தடவை வந்த கமாவ் கதவைத் திறந்ததும் கையைக் கட்டிக்கிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஷிகமூ, சிஸ்டர்.”

வழக்கத்தை மீற முடியுமா, நானும் மராஹபா சொன்னேன். ரெண்டு நாட்டுச் சரக்கும் பத்திரமாப் போய்ச் சேர்ந்துச்சு, நடுவுல நின்ன எனக்குத்தான் வயசு கூடிப்போச்சு.