வாய் வெட்டாத களப்பு

நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. பேய், பிசாசு என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள்தான் நானும்.

நானாட்டானுக்குக் கீழே எங்கள் ஊரை ஒட்டி ஒரு களப்பு. ஒரு காலத்தில் அது கடல்தானாம். தரைக்குள் புகுந்து கிடந்த கடலின் வாயை அலை மணல் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி அடைத்துவிட, உள்ளே அகப்பட்ட கடலின்மேல் மழைத்தண்ணீர் சேர்ந்து களப்பாகிவிட்டது. மாரியில் நிரம்பினால் ஊரார் மண்வெட்டியோடு போய் அந்த மணலை வெட்டிவிடுவார்கள். வாய் வெட்டுகிறது என்போம். வெட்டினால் தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும், பிறகு நடந்தே கடக்கலாம்.

சண்டைக் காலம். பெண்சாதி பிலோமினாவுக்குத் தலைப்பிள்ளை. மத்தியானம் வலி தொடங்கிவிட்டது, றோட்டைப் பூட்டிவிட்டார்கள், மருத்துவச்சி இருந்தது களப்புக்கு அக்கரையில். முதல்நாள் கடையில் யாரோ வாய் வெட்டுகிற கதை கதைத்தது காதில் விழுந்தது. வெட்டியாச்சு என்றே நினைத்துவிட்டேன். ஆட்களிடம் திருப்பிக் கேட்க எனக்குக் கூச்சம்.

"இஞ்சாருங்கோ, தண்ணி நிறைஞ்செல்லோ கிடக்குது?"

"வடிஞ்சுகொண்டிருக்குது. முழங்கால்தான், வா பிலோ."

"தாழ்ந்தாலும் இந்த வயித்தோட நான் மிதப்பன், நீங்கள்தான் தாழுவியள்" என்று அந்த வலியிலும் சிரித்தாள்.

இறங்கினோம். நம்பினால் நம்புங்கள், முழங்கால்தான். களப்பின் அடி கறுத்த சேறு, கால் புதையும். அன்றைக்கு அது கடற்கரை மணல்போல வரிவரியாக இறுகிக் கிடந்தது. காற்றே இல்லை, ஆனால் தண்ணீர் எங்கள் கால்களை முன்னும் பின்னும் இழுத்தபடியே இருந்தது. அவளை ஓரிடத்தில் நிற்கவிடாமல் கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"தம்பி, பறந்தோ வந்தனீங்கள்?"

"வாய் வெட்டியாச்செல்லோ அண்ணை..."

"ஆர் வெட்டினது? சண்டையில மணல் பக்கம் போகவே ஏலாமக் கிடக்குது. நடுவில ரெண்டாள் ஆழத்துக்குத் தண்ணி!"

நாங்கள் நனைந்திருந்தது முழங்கால்வரைதான்.

மகள் பொழுதுபடமுன் பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம். பிலோமினாவைத் துடைத்துவிட்ட மருத்துவச்சி என்னிடம் வந்து, "ஏன் தம்பி, கடலுக்காலயோ கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டார். பிலோவின் பாவாடைக் கரை காய்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மாரியில் எங்கள் களப்புத் தண்ணீர் ஆடு குடிக்கிற நல்ல தண்ணீர்.

இப்போதும் மாரி வந்தால், யாரும் பார்க்காத நேரமாகப் போய்க் களப்பில் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். உப்பில்லை. அடுத்த நாளும் போகிறேன்.