ஐந்தாவது கையெழுத்து

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்னும் தடுமாறுகிறவள். வரிசையாகச் சொல்லவும் வராது. ஒன்றைச் சொல்ல உட்கார்ந்தால் இன்னொன்று ஞாபகம் வரும், அதன் பின்னாலேயே போனால் சொல்ல வந்தது மறந்துபோகும். பக்கத்து வீட்டுக்காரி உங்களோடு உட்கார்ந்து பேசுகிறாள் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் மாடி அறையில் குடியிருக்கும் பெண் வேலைக்குப் போகவில்லை. விருதுநகர்ப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறாள். கம்பெனி பஸ் வந்து ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தேன். பாயில் சுருண்டு கிடந்தாள்.

"இன்னாம்மா, ஷிப்டுக்குப் போவல?"

"வயிறு கொல்லுதும்மா. சூப்பர்வைசர்ட்ட சொன்னா நம்பமாட்டாரு. வயித்துவலின்னு யாரு சொன்னாலும் பொய்யின்னுதான் நினைக்காங்க."

கீழே வந்து வாணலியில் ஓமத்தைப் போட்டேன். அது பொரிந்து வாசனை எழும்பியபோது கரண்டி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. பல வருஷம் நானே வைத்துக் குடித்த கஷாயம் அது. யாருடைய வயிற்றுவலிக்காகக் குடித்தேன் என்பதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கஷாயம் குடித்துத் தெம்பான பிறகு அந்தப் பெண்ணிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. எனக்கு வாயில் வராதது சில சமயம் கையில் வரும். அவளே தன் பழைய நோட்டு ஒன்றைக் கொடுத்து, மீதியை எழுதச் சொன்னாள்.

நான் சொல்ல வந்தது நடந்தது 1991-ஆம் வருஷம். அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி எழுத நான் யார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். ஜீப் சத்தம் கேட்டால் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டோம். உறவுக்காரர்கள் வந்து தங்கினால் யார், எந்த ஊர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். கார் கம்பெனியெல்லாம் அப்போது வரவில்லை. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பொட்டல்தான். பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டி எங்கள் ஊர்வரைக்கும் கேழ்வரகும் வேர்க்கடலையும் போட்டிருப்பார்கள். வயலுக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு மோட்டார் கொட்டகை. கரண்ட் அதற்கென்று ஒரு நேரத்தில்தான் வரும். அதனால் மோட்டார் சுவிட்சைப் போட்டே வைத்திருப்பார்கள். கரண்ட் வந்ததும் அது தானாக ஓடும்.

ஆடி மாதம் ஒரு காலை. தலையாரி வாசலில் நின்று கூப்பிட்டார்.

"யம்மோவ், சட்டுனு கெளம்பு. ஏட்டையா கூப்புடுறாரு."

"நானா? எதுக்குண்ணா?"

"கையெழுத்துப் போடத் தெரிஞ்ச பொம்பள வேணுமாம். இந்த ஊர்ல நீதானே கீறே."

சிரிக்காதீர்கள். நான் ரேஷன் கார்டு விஷயம் என்று நினைத்துக்கொண்டு, ஆடிக்கு எடுத்த புதுப் புடவையைக் கட்டிக்கொண்டேன். தலைகூட வாரினேன். படித்தவள் என்று ஊர் என்னைக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. வாசலில் தலையாரியோடு பேசிவிட்டு உள்ளே வந்த என் வீட்டுக்காரர் புடவையைப் பார்த்தார். முகம் சரியில்லை.

"எங்க போறேன்னு தெரியுமா உனுக்கு? மேல்வீட்டு மருமக கெணத்துல கெடந்துச்சாம். வெளிய தூக்கிப் போட்டுக்கீறாங்க. இன்னா கேட்டாலும் தெரியாதுன்னுடு. இந்த வருசம் போலீஸ்ல பேர் மாட்டிச்சி, அவ்ளோதான் நாம."

மேல்வீடு என்று ஊரில் சொல்லும் வீட்டின் மருமகள் சரோஜா. பால் வாங்க தினமும் எங்கள் வாசல் வழியாகத்தான் போவாள். யாரோடும் பேச வராத என்னையே பேச வைப்பாள். நான் யோசித்து யோசித்துப் பதில் சொல்வதற்குள், "யக்கா, நீ வாயத் தொறக்கறதுக்குள்ள கரண்டே வந்துட்டுப் போயிடும்" என்று சிரித்துவிட்டுப் போவாள். கல்யாணமாகிப் பத்து வருஷம். பிள்ளை இல்லை. முந்தின நாள்தான் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். வாசலைத் தாண்டும்போது கை நிறையப் பச்சை வளையல் குலுங்கியது.

புதுப் புடவையை மாற்றக்கூடத் தோன்றாமல் போய் நின்றேன்.

அந்த முறையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். யாராவது இப்படிச் செத்துப்போனால், போலீஸ் ஊரில் ஐந்து பேரைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். பஞ்சாயத்தார் என்று அவர்களுக்குப் பெயர். அவர்கள் உடம்பைப் பார்க்க வேண்டும். இது எப்படி நடந்தது என்று தங்களுக்குத் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். சொன்னதை எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும். செத்தது பெண் என்றால் உடம்பைப் பார்க்க ஒரு பெண் வேண்டும். அதுதான் நான்.

நான்கு ஆண்கள் புங்கமரத்தடியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பொன்னுரங்கம் என்பவர் எந்த இடத்திலும் வாய் சும்மா இருக்காதவர்.

"ஏட்டையா, டீ கீ எதுனா வருமா? காலையில பல்லுகூட வெளக்கல."

"யோவ், பொணத்துக்கிட்ட ஒக்காந்துகினு டீ கேக்குறியே, நீயெல்லாம் மனுசனா?"

"மனுசன்னுதானே கையெழுத்துக்கு இட்டாந்தீங்கோ."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கொட்டகைக்குள் மோட்டார் ஓட ஆரம்பித்திருந்தது. கரண்ட் வந்துவிட்டது, வேறொன்றும் இல்லை. எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் ஒருவரும் எழுந்துபோய் நிறுத்தவில்லை. அவள் கிடந்த கிணற்றுத் தண்ணீர் குழாயிலிருந்து தொட்டியில் விழுந்து, தொட்டியிலிருந்து வாய்க்காலில் இறங்கி, என் கால் பக்கமாகக் கேழ்வரகுக்குப் போய்க்கொண்டிருந்தது. எப்போதும் போகிற மாதிரியே போனது. நான் காலை இழுத்துக்கொண்டேன்.

ஏட்டையா மடியில் அட்டையை வைத்து, கார்பன் தாள் சொருகி எழுதிக்கொண்டிருந்தார். சரோஜாவின் மாமனார் தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப நாளா வயித்துவலிங்க அதுக்கு. பாக்காத வைத்தியமில்ல. வலி தாங்காம வுழுந்துட்சி. அறுக்காம குடுத்துடுங்க சாமி. பொம்பள ஒடம்பு."

"அஞ்சி பேரும் சந்தேகமில்லன்னு சொன்னாத்தான்யா குடுக்க முடியும். காயம் கீயம் இருந்துச்சின்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆவணும். யம்மா, நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு."

அவள்மேல் ஈர வேட்டி போர்த்தியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஒரு புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உள்ளே நானும் அவளும்தான். மறைப்புக்குள் வெளிச்சமெல்லாம் புடவையின் சிவப்பாக இருந்தது. அவள் முகமும் சிவந்து, வெட்கப்படுகிறவள் மாதிரி தெரிந்தது. என்னைப் பார்த்துப் பேச வாயெடுக்கிற மாதிரி உதடு கொஞ்சம் திறந்திருந்தது. எங்கள் இரண்டு பேரில் அன்றைக்குப் பேச வேண்டியவள் நான் என்று தெரிந்து காத்திருந்த மாதிரி.

வேட்டியை விலக்கினேன். வலது கையில் பச்சை வளையல் அத்தனையும் அப்படியே இருந்தன. இடது கையில் ஒன்றுகூட இல்லை. மணிக்கட்டைச் சுற்றிக் கண்ணாடி கிழித்த கோடுகள். அதற்கு மேலே, முழங்கைக்குக் கீழே, நான்கு விரல் பதிந்த நீலம். என் கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. என் விரலைவிடப் பெரிய விரல்.

வேட்டியை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தேன்.

"காயம் எதுனா கீதாம்மா?"

ஏட்டையா பார்த்தார். மாமனார் பார்த்தார். நான்கு ஆண்களும் பார்த்தார்கள். கொஞ்ச தூரத்தில் என் வீட்டுக்காரரும் நின்றிருந்தார். அத்தனை ஆண்கள் சேர்ந்து என்னைப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வாயைத் திறந்தேன். மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் காதில். நான் தலையை ஆட்டினேன். என்னைக் கேட்காதீர்கள், என்னால் சொல்ல முடியாது என்று அதற்கு அர்த்தம்.

"சரி. காயம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார்.

அப்போது சொல்லியிருக்கலாம். பேனா அந்த வரியை முடிக்கிறவரைக்கும் நேரம் இருந்தது. தீராத வயிற்றுவலி காரணமாகக் கிணற்றில் விழுந்து இறந்திருக்கிறார், எங்களுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை என்று வாசித்தார். நான்கு ஆண்களும் போட்டார்கள். அதில் ஒருவர் கைநாட்டு. ஐந்தாவதாக நான் என் முழுப் பெயரையும் எழுதினேன்.

"பாருய்யா, முத்து முத்தா எழுதுது!" என்றார் பொன்னுரங்கம்.

இதைச் சொல்ல இத்தனை வருஷம் கழித்தும் கூச்சமாக இருக்கிறது. அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மதியத்துக்குள் எரித்துவிட்டார்கள்.

மறுநாள் சரோஜாவின் அம்மா வந்தார். செய்யாற்றுப் பக்கத்துக் கிராமம். தாமதமாகத்தான் ஆள் போயிருக்கிறது. காஞ்சிபுரம் வந்து பஸ் மாறி, அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி வந்திருந்தார். மேல்வீட்டில் எத்தனை நேரம் இருந்தார் என்று தெரியாது. நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். அழவில்லை. நிற்கும்போது கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

"நீதான் பாத்தியாமே. எம்பொண்ணு எப்டிம்மா இருந்தா?"

"தூங்குற மாதிரி இருந்தாங்கம்மா."

"வயித்துவலின்னு சொல்றாங்கோ. எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே. உங்கிட்ட சொன்னாளா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ஆடிப்பூரத்துக்கு நான்தான் வளையல் போட்டு அனுப்புனேன். கையில இருந்துச்சா?"

"இருந்துச்சிம்மா."

"ரெண்டு கையிலயுமா?"

வீட்டுக்குள்ளே என் வீட்டுக்காரர் இருமினார். நான் தலையை ஆட்டினேன். இந்தத் தடவை ஆமாம் என்று.

அந்த அம்மா ஆடிக்கொண்டிருந்தது நின்றது. "அப்ப சரி" என்றார். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "அப்ப சரிம்மா" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். எதையோ பயந்து கேட்க வந்து, அது இல்லை என்று தெரிந்து போகிறவர் நடை அது. அந்த நடையை நான்தான் கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் எனக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. தொப்புளுக்கு வலப்பக்கம், உள்ளே யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனது. அடுத்த ஆடியில் வந்தது. பிறகு ஆடி, ஐப்பசி என்று பார்க்காமல் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டர் கேஸ் என்றார். காஞ்சிபுரத்தில் ஸ்கேன் எடுத்த பெண், "உள்ள எல்லாம் சூப்பரா கீது பாட்டி, எங்க வலிக்குதுன்னு சொல்றீங்கன்னே தெர்ல" என்று சிரித்தாள். எனக்குத் தெரியும். சரோஜாவுக்கு வராத வலிதான் அது. எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு யாராவது ஒருவர் அனுபவித்துத்தானே தீர வேண்டும். நீங்கள் பைத்தியம் என்று நினைத்தாலும் சரி.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு ஒரு தடவை தைரியம் வந்து ஸ்டேஷன்வரைக்கும் போனேன். எதிரில் நிழலில் நின்றேன். பேத்தி வயதுப் பெண் போலீஸ் ஒருத்தி வந்து, "இன்னாம்மா வேணும்? யாரப் பாக்கணும்?" என்று நல்லவிதமாகத்தான் கேட்டாள். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது அந்த இடத்தில் எதுவும் இல்லை. மேல்வீட்டுக்காரர்கள் கம்பெனிக்கு நிலம் எடுத்த சமயத்தில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு எங்கோ போய்விட்டார்கள். சரோஜாவின் புருஷன் இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. கிணற்றைச் செம்மண் கொட்டித் தூர்த்து, மேலே கான்கிரீட் போட்டு, லாரிகள் நிற்கிற இடமாக்கிவிட்டார்கள். புங்கமரம் இல்லை. சுடுகாட்டைச் சாலை தின்றுவிட்டது. ஏட்டையா, தலையாரி, டீ கேட்ட பொன்னுரங்கம், மற்ற மூன்று பேர், யாரும் இல்லை. ஐந்து பேரில் நான் ஒருத்திதான் பாக்கி. ராத்திரியும் பகலும் விளக்கு எரிகிற அந்தக் கம்பெனிச் சுவரைக் கடந்து எங்கள் மாடிப் பெண் வேலைக்குப் போய்வருகிறாள். அங்கே ஒரு கிணறு இருந்தது என்றால் நம்பமாட்டேன் என்கிறாள்.

படித்தவர்கள் யாராவது இதைச் சரிபார்க்க வேண்டும். ஆடிப்பூரத்துக்கு மூன்றாம் நாளா, நான்காம் நாளா என்பது எனக்கு நிச்சயமில்லை. அந்த அம்மாவின் ஊர்ப் பெயரும் மறந்துவிட்டது, செய்யாற்றுப் பக்கம் என்பது மட்டும் உறுதி. அவர் இப்போது இருக்கமாட்டார். அவர் வீட்டில் யாராவது இருப்பார்கள். பழைய காகிதங்களை எங்கே வைப்பார்கள், வைத்திருப்பார்களா, எலி தின்றுவிட்டதா, எனக்குத் தெரியாது. கிடைத்தால், ஐந்தாவதாக இருக்கும் பெயர் என்னுடையது. அதற்கு மேலே நான் சொன்னதாக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. நான் ஒன்றுமே சொல்லவில்லை.