ரிக் ஓனர் காலில் விழாமல் போனது யாரால்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். துளையிடும் இரும்பு ராடு தூக்கும் கூலியாக ரிக் வண்டியில் ஏறி, மொழி தெரியாமல் ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு, சொந்தமாக ஒரு ரிக் வாங்கினேன். முதல் வருடமே ராடு மொத்தமும் உடைந்து குழிக்குள் போய்விட்டது. நான் போகவில்லை. இன்னொரு வண்டி எடுத்தேன். இப்போது மூன்று நிற்கின்றன. தண்ணீரே இல்லை என்று எல்லோரும் கைவிட்ட மேட்டுக்காட்டில் தென்னந்தோப்பு வைத்தேன். ஓட்டு வீட்டை மாடி வீடாக்கினேன். இரண்டு பெண்களையும் இன்ஜினியருக்குப் படிக்க வைத்தேன். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தின் நிழற்குடையும் நான் போட்டதுதான்; அதில் வேறு யார் பெயர் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். இவ்வளவும் செய்த கையோடு ஒரு டிவி சீரியலின் கதையையும் திருப்பி வைத்தேன். அதைப் பற்றித்தான் இது.

என் மனைவியும் நானும் தினமும் விடாமல் பார்க்கிற சீரியல் அது. கதாநாயகியின் அப்பா எங்களைப் போல ரிக் ஓனர். மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுத் தோட்டத்தில் அவரே கிணறு போட்டுக் கொடுக்கிறார். மறுநாள் மோட்டார் இறக்கினால் பாதியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது, தண்ணீர் இல்லை. "பாதி ஆழம் போட்டுவிட்டு முழு ஆழம் போட்டதாகப் பொய் சொல்லிவிட்டார்" என்று மாமியாரின் தம்பி கொளுத்திப் போடுகிறான். மாமியார் மருமகளை வெளியே அனுப்பிவிடுகிறார். அந்த அப்பா வாயே திறக்காமல் தலை குனிந்து நிற்கிறார், வாரக்கணக்கில்!

நடிப்பைச் சொல்ல வேண்டும். மாமியாராக வருகிற அம்மாதான் அந்தச் சீரியலின் தூண். கண்ணில் தண்ணீர் வருவதற்கு முன்னால் அவருக்கு மூக்கு நுனி சிவக்கும். மருந்து போட்டு அதை வரவழைக்க முடியாது. கதாநாயகன் சுத்தம். பெண்டாட்டி வீட்டை விட்டுப் போகிறாள், அவன் தாடியைத் தடவிக்கொண்டு நிற்கிறான். தம்பியாக வருகிறவன் புருவத்தைத் தூக்கினாலே என் மனைவி ரிமோட்டை ஓங்குவாள். அதைவிட அவனுக்கு வேறு விருது வேண்டுமா? அந்த அப்பா நல்ல நடிகர்தான், ஆனால் யாரும் அவருக்குத் தொழிலைச் சொல்லித் தரவில்லை. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் பேசுகிறார். அங்கே இடி இடித்தாலே கேட்காது. நாங்கள் கையால்தான் பேசுவோம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் மச்சானைத்தான் பொறுக்க முடியவில்லை. என் மனைவியின் அண்ணன், கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் ஆரம்பித்தார்.

"என்ன மாப்ள, ரிக்காரங்க குட்டு உடைஞ்சு போச்சாட்டருக்குது?"

"மச்சான், அது கதைங்க."

"கதைன்னாலும் தெரிஞ்சவன்தான எழுதறான்? என்ற தோட்டத்துல நீங்க போட்டதையும் ஒருக்கா அளந்து பாத்துப்போடறேன்."

கடையே சிரித்தது. நாற்பது வருட வாக்கு, ஒரு டீ ஆறுவதற்குள் சிரிப்பாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அதே சீரியல்காரர்கள் படம்பிடிக்க ரிக் வண்டி கேட்டு வந்தார்கள். டிரைவரை மட்டும் அனுப்பாமல் நானும் போனேன். நாமகிரிப்பேட்டைப் பக்கம், புதிதாகக் கிணறு போட்டிருந்த ஒரு தோட்டம். வண்டியை ஜாக்கி போட்டு நிறுத்தியதும், இன்றைக்கு என்ன காட்சி என்று உதவியாளரிடம் கேட்டேன்.

"அப்பா தப்பை ஒத்துக்கிட்டு சம்பந்தியம்மா கால்ல விழறாரு சார். பின்னாடி உங்க வண்டி நிக்கும்."

என் வண்டியின் முகப்பில் எங்கள் குலதெய்வத்தின் பெயர் எழுதியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு ரிக்காரன் திருடனாக விழுவதா? டிரைவரிடம் ஜாக்கியை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

டைரக்டர் ஓடி வந்தார். சின்ன வயதுக்காரர். "ஐயா, என்னங்கய்யா இது? வெளிச்சம் போயிடும்."

"போவட்டுங்க. என்ற வண்டிக்கு முன்னால ரிக்காரன் கால்ல உழ மாட்டானுங்க."

"கதை அப்படிங்கய்யா."

"கதை தப்புங்க சாமி. வாங்க, காட்டறேன்."

கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். கிணற்றிலிருந்து வரப்பு வரைக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு தடம், சிமெண்டு பூசியது போலக் காய்ந்து கிடந்தது. ஒரு சில்லைப் பெயர்த்து அவர் கையில் வைத்தேன்.

"தண்ணி சிக்காத குழின்னா வெறும் பாறை மாவுதானுங்க வரும், காத்துல போயிரும். தூசி அடங்க நாம ஊத்தற தண்ணி நாலடி கூட ஓடாது. இது வரப்பு வரைக்கும் ஓடியிருக்குது பாருங்க. ஊத்து ஒடைஞ்ச குழிக்குத்தான் இப்படித் தடம் இருக்கும். அந்தப் புள்ள இந்தச் சில்லைக் கொண்டுபோயி மாமியார் கையில குடுக்கட்டும். தண்ணி வந்த குழியில மோட்டார் எறங்கலீன்னா, எவனோ கல்லைப் போட்டு அடைச்சிருக்கான். எவன்னு நான் வேற சொல்லோணுமா?"

குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அந்த மாமியார் அம்மா எழுந்து வந்தார். சில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருமக இதைக் கொண்டுவந்து நீட்டினா நான் எங்க மூஞ்சிய வெச்சுக்கறது? தம்பி, இதுதான் சீன்" என்றார் டைரக்டரிடம்.

டைரக்டர் போனை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குள் நடந்தார். சென்னையில் இருக்கிற கதை எழுதுபவரோடு பேச்சு. ஒரு கோடிக்குப் போனார், மறு கோடிக்குப் போனார். என் டிரைவர் ஜாக்கிப் பக்கத்திலேயே நின்றான். திரும்பி வந்து டைரக்டர் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, அப்பா விழல."

அந்த அப்பா நடிகர் தானாகவே என்னிடம் வந்து, கம்ப்ரசர் சத்தத்தில் கையால் பேசுவது எப்படி என்று கேட்டார். நிறுத்து, இன்னொரு ராடு ஏற்று, தண்ணீர் சிக்கிவிட்டது, மூன்றையும் காட்டிக் கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

ஒளிபரப்பான அன்றைக்கு மச்சானை எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி டிவிக்கு நேராக உட்கார வைத்தேன். மருமகள் சில்லை நீட்டினாள். மாமியார் அதை விரலால் நொறுக்கினார், மூக்கு நுனி சிவந்தது. அப்பா அன்றைக்குத்தான் தலை நிமிர்ந்து, "எங்க, ஆழத்தை அளந்து பாருங்க" என்றார். கயிற்றில் கொக்கி கட்டிக் குழியில் விட்டு இழுத்தார்கள். சாக்கில் சுற்றிய கல் வந்தது. தம்பிக்காரனின் புருவம் அன்றைக்கு உயரவே இல்லை. என் மனைவி கை தட்டினாள்.

"ஏனுங்க, எல்லாம் நீங்க சொன்னதுங்களா?"

"பின்னே?"

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "சரி மாப்ள, என்ற தோட்டத்துல அளக்க வேண்டாம் உடுங்க" என்றார். மறுநாள் டீக்கடையில் எனக்கு அவரே டீ சொன்னார். ஆனால் விட்டாரா? "மாப்ள, பேரு ஓடறப்ப உங்க பேரைக் காணமுங்களே?"

அது உண்மைதான். தோட்டக்காரருக்கு நன்றி போட்டார்கள், லாட்ஜுக்கு நன்றி போட்டார்கள், சமையல்காரருக்குக் கூடப் போட்டார்கள். சீரியல் மேனேஜருக்குப் போன் செய்தால், "யூனிட்ல இல்லாதவங்க பேரை கதைன்னு வர்ற இடத்துல போட மாட்டாங்கய்யா" என்கிறார். கதையைத் திருப்பும்போது நான் யூனிட்டில் இருந்தேனா, இல்லையா? மரவள்ளிக் காட்டைக் கேளுங்கள்.

சீரியல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, காலம் கடந்துவிடவில்லை. நன்றி வரிசையில் லாட்ஜுக்குக் கீழே போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதை என்று போடுகிற இடத்தில், எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், என் பெயரையும் என் ஊரையும் போட வேண்டும். என் மச்சான் கண்ணாடி போடாமல் படித்து முடிக்கிற வரைக்கும் அது திரையில் நிற்க வேண்டும்.