வண்டு பொறுக்கிய பிடியரிசி

போன ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை, ரத்தோட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வந்தேன். ரிவர்ஸ்டன் மலைப் பனியில் படம் பிடிக்கப் போகவில்லை. எங்கள் பழைய பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். முப்பத்தொரு வருடமாகத் தள்ளிப்போட்ட வேலை. மழையில் தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மேடு சரிந்துவிட்டது, பாக்கியம் அக்கா அடுத்த வாரம் நாவுலவில் இருக்கும் மகன் வீட்டுக்கே போகிறார் என்று தங்கை முறையான ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள். நாவுலவுக்கும் பஸ் இருக்கிறதுதான். ஆனால் மகனையும் மருமகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பேச எனக்குத் துணிச்சல் வராது.

கொழும்பில் காலை 5.10க்குப் பஸ் ஏறினேன். மாத்தளைக்கு 520 ரூபாய். கண்டியில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். மீன் வைத்த ஒரு மாலு பாணும் பிளேன்டீயும் 190. மாத்தளையில் இறங்கும்போது மணி 9.45. அங்கிருந்து ரத்தோட்டை பன்னிரண்டு கிலோமீட்டர், 70 ரூபாய். வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். வீடுகளுக்குப் பின்னால் மிளகுக் கொடி ஏறிய மரங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

பார்த்துக்கொண்டே போனதில்தான் பழசெல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்பா தோட்டத்து உபதேசியார். சாமியார் மாதம் ஒருமுறை பூசை வைக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் மாதா கோயிலில் அப்பாதான் ஜெபம் நடத்துவார். எங்கள் வீடுகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. ராத்திரிச் சோற்றுக்கு அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துப் பால்மா டின்னில் போட்டு வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லா டின்னும் கோயிலில் ஒரே சாக்கில் கொட்டப்படும். தோட்டத்தில் யார் வீட்டில் நோயோ, பிரசவமோ, சாவோ, அந்த வீட்டுக்கு அது போகும். எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடு என்று யாரும் கேட்பதில்லை. கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

எனக்கு அப்போது பதினேழு வயது. கண்டியில் மூன்று நாள் இளைஞர் தியானத்துக்குப் போய் வந்திருந்தேன். தோட்டம் முழுவதையும் நானே மனந்திருப்பிவிடலாம் என்று ஒரு சூடு. பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த பாக்கியம் அக்காவின் புருஷனுக்குத் தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் பட்டு, ஆறு வாரம் வேலையில்லை. நான்கு கிலோ அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதோடு வந்திருக்கலாம். “ஞாயித்துக்கெழம ஜெபத்துக்கு வாங்கக்கா. வந்தீங்கன்னா வாரா வாரம் கெடைக்கும்” என்றும் சொல்லிவைத்தேன். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் என்னை அனுப்பவில்லை. அது பொய்யும்கூட.

அந்த ஞாயிறு ஜெபம் முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, அக்கா முடிச்சு அவிழ்க்காத அந்த மூட்டையைக் கோயில் படியில் இறக்கி வைத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். சாயங்காலம் அவரே அக்கா வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமையிலிருந்து பிடியரிசியைச் சாக்கில் பரப்பி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, வண்டு பொறுக்க ஆரம்பித்தார். இரண்டு வருடம் கழித்து நான் கொழும்புக்கு வேலைக்குப் போகும்வரை ஒரு சனிக்கிழமையும் தப்பவில்லை. அப்பாவுக்கு விஷயம் தெரியும், இது எனக்குத் தண்டனை என்றே நினைத்திருந்தேன். அவர் போய் எட்டு வருடமாகிறது. கேட்கவே இல்லை.

ரத்தோட்டையில் ஆட்டோ பேசினேன். ஏழு கிலோமீட்டர், 1,200 ரூபாய். ஓட்டியவர் சிங்களவர், தமிழ் நன்றாகவே வந்தது. பாலத்தருகே நிறுத்திவிட்டார்.

“மேல ரோட் இல்ல நோனா. மண் விழுந்திருக்கு. நடக்க ஏலுமா?”

“இந்த ஏத்தத்துலதான் பள்ளிக்கூடம் போனேன்” என்று வீறாப்பாகச் சொன்னேன். ஒன்றரைக் கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். அட்டை கடித்தது தனிக் கணக்கு.

எங்கள் லயத்தில் ஆளில்லை. பின்சுவர் வெடித்து, கதவுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. மாதா கோயில் பக்கம் புகை தெரிந்தது. போய்ப் பார்த்தால், பதினொரு குடும்பம் உள்ளே படுத்து எழும்புகிறது. வாங்குப் பலகைகளைச் சுவரோரம் தள்ளியிருக்கிறார்கள். தூணுக்குத் தூண் கொடி கட்டித் துணி காய்கிறது. கோயிலுக்குப் பின்னால் அடுப்பில், ‘மாரியம்மன் கோயில்’ என்று பெயர் வெட்டிய அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. அகப்பையோடு நின்றவர் பாக்கியம் அக்கா.

“யாரு, உபதேசியார் வீட்டு ரெஜினாவா? குண்டாயிட்டியே புள்ள! ஒக்காரு, இந்த வெங்காயத்த உரி.”

முக்கால்வாசி வெங்காயம் உரித்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

“அக்கா, அந்த அரிசி... ஜெபத்துக்கு வந்தாத்தான் கெடைக்கும்ங்கற மாதிரி பேசிட்டேனே. என்னய மன்னிச்சிருங்கக்கா.”

அகப்பையை அண்டா விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். மறக்கவில்லை என்று அதிலேயே தெரிந்தது.

“அன்னைக்கு வந்த கோவத்துக்கு ஒன் கன்னத்துல ரெண்டு வச்சிருப்பேன். ஞாயிறு வரைக்கும் அந்த மூட்டையப் பாத்துக்கிட்டே புள்ளைகளுக்கு ரொட்டி சுட்டேன். என்னமோ எங்களுக்கு வெல போட்ட மாதிரி இருந்துச்சு.”

“அப்பா வந்து கேட்டாரே, என்னக்கா சொன்னீங்க?”

“ஒன் பேரச் சொன்னா அந்த மனுசன் ஒடைஞ்சு போயிருவாரு. அரிசில வண்டு இருந்துச்சுன்னு சொன்னேன்.”

அப்படியென்றால் அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது. பக்கத்து வீட்டுக்கு வண்டரிசி கொடுத்துவிட்டோமே என்ற வெட்கத்தில்தான் அத்தனை சனிக்கிழமையும் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். நான் கொழும்புக்குப் போன பிறகும், கண் மங்கும்வரை அவர் பொறுக்கியதாக அம்மா சொல்லியிருக்கிறாள். என் வாய் செய்த குற்றத்தை அரிசியின் குற்றம் என்று நம்பியே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அழுதேன், சத்தமாகவே.

“வெங்காயத்து மேல பழியப் போடு” என்றார் அக்கா. பிறகு குரல் இறங்கியது. “அடுத்த வாரமே ஒங்கப்பா திரும்பக் கொண்டாந்தாரு. ஒரு வண்டு இல்ல. வச்சிட்டு ஒண்ணும் பேசாமப் போயிட்டாரு. சமைச்சுத் தின்னோம்.”

சோற்றைக் கிளறிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீ கூப்புட்டப்ப வரல பாத்தியா? மேடு சரிஞ்ச அன்னைக்கு யாரும் கூப்புடல. கோயில் கதவு தெறந்து இருந்துச்சு. வந்துட்டோம்.”

சோறும் பருப்பும் சாப்பிட்டு 2.30க்கு இறங்கினேன். மாத்தளையிலிருந்து கடைசியாகக் கொழும்புக்குப் போகும் பஸ்ஸை நம்பியிருக்காதீர்கள்; ரத்தோட்டையில் 4 மணிக்குள் பஸ் ஏறிவிடுவது நல்லது. பாலத்துக்கு மேலே தொலைபேசி வேலை செய்யாது. உப்பும் பழைய துணியும் கொண்டு போங்கள், அட்டைக்கு.

ரிவர்ஸ்டன் போகிறவர்கள் வழியில் இப்படியான இடங்களுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் அரிசியே கொடுங்கள், அண்டா பெரியது. ஒருமுறை பரப்பி வண்டு பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டிலும் இப்போது ஒரு பால்மா டின் இருக்கிறது, சனிக்கிழமைகளில் அதைத்தான் செய்கிறேன். கொண்டுபோய் வைத்துவிட்டு, அப்பா மாதிரி, ஒன்றும் பேசாமல் வந்துவிடுங்கள்.