சும்மா இருந்த மெஷின்

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில்தான் எனக்கு முதல் வேலை. இருந்தது மூன்றே சர்வர்கள். அவற்றுக்குள் இருபது மெஷின்கள் இருப்பதுபோல் மென்பொருளால் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மெமரியையும் பிராசஸரையும் நான் பங்கிட்டுக் கொடுப்பேன். அந்த வயதில் அது ராஜ்ஜியம் ஆள்வதுபோல் இருந்தது.

ஒருநாள் மதியம் பில்லிங் மெஷின் திணறியது. திரையில் பார்த்தால், ரத்தப் பரிசோதனை லேபின் மெஷின் சும்மா கிடந்தது. அதன் மெமரியில் முக்கால்வாசியை எடுத்துப் பில்லிங்குக்குக் கொடுத்தேன். மேனேஜர் முதுகில் தட்டினார்.

மறுநாள் காலை ரயிலை விட்டு இறங்கி வந்தால், லேப் வாசலில் கூட்டம். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்தவர்கள் ரிப்போர்ட் வராமல் நின்றார்கள். முட்டுக்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பெரியவர் சுவரில் சாய்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும் டெக்னீஷியன் செல்வி, லேப் மெஷின் நகராததால் முடிவுகளைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். நேற்று செய்ததை அவளிடம் சொன்னேன்.

"மத்தியானத்துல வந்து பாத்தியா? அப்ப சும்மாத்தான் கீது. எங்க வேலையே காலைலதான்யா."

ஓடிப்போய் மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லேபுக்குத் திரும்பினேன். மேனேஜர் வந்து காரணம் கேட்டார். செல்வி என்னைப் பார்த்தாள். நான் வாசல் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கரண்டு வந்து வந்து போச்சு சார்" என்றாள்.

இன்று சிறுசேரியில் பெரிய கம்பெனியில் இருக்கிறேன். பங்கீட்டை மென்பொருளே பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் எந்த மெஷினில் கைவைக்கும் முன்பும், "உங்களுக்கு எப்போது கூட்டம்?" என்று உரியவரிடம் கேட்டுவிடுகிறேன். கேட்கும்போதெல்லாம் அந்த லேபின் ஸ்பிரிட் வாடை அடிக்கும்.

அன்று கரண்ட் போகவில்லை சார். நான்தான்.